ஜனவரி 28

ஜூன் 12 என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டூர் அணை திறக்கும் நாள். முதலமைச்சரோ அமைச்சரோ வந்து பொத்தானை அழுத்துவார். நுரைத்துப் பாயும் தண்ணீரில் பூத் தூவுவார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம் பெரிதாக வரும். மூன்று நான்கு நாளில் கல்லணையிலும் அதே பூ, அதே கும்பிடு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். உழவு ஓட்டாமல் இருந்தவர்களெல்லாம் டிராக்டருக்கு அலைந்ததை அப்பா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஜனவரி 28ஐ அப்படி யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. வழக்கப்படி மேட்டூரை மூடும் நாள் அது. பூவும் கிடையாது, படமும் கிடையாது. பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தால் உண்டு. எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் தேதிக்கு ஒரு மரியாதை இருந்தது. அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். அதற்குக் கீழே கோரையாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் மதகு அப்பாவின் பொறுப்பில் இருந்தது.

நாலு கண் மதகு. ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் இரும்புப் பலகை, அதை ஏற்றி இறக்க ஒரு திருகுக்கம்பி, மேலே பற்சக்கரம். இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்ற வேண்டும். திறக்கும் நாளில் சுற்றுவதற்கு ஊரே வரும். “அண்ணே, நான் ஒரு சுற்றுச் சுற்றுகிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மூடும் நாளில் அப்பா தனியாகச் சுற்றுவார், நான் டார்ச் பிடிப்பேன். மேட்டூரில் 28ஆம் தேதி மூடினாலும் ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர் எங்கள் மதகு வரை வடிந்து தீர இன்னும் நாலைந்து நாளாகும். அதுவரை தினமும் சாயங்காலம் போய்ப் பார்ப்போம்.

மூடுவதுதான் கஷ்டம். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்ற பலகைக்கு அடியில் வண்டல் படிந்திருக்கும். வெங்காயத்தாமரை வேர், சவுக்குச் சுள்ளி, யாரோ ஆற்றோடு விட்ட ஒற்றைச் செருப்பு, எல்லாம் சிக்கியிருக்கும். கடைசி நாலு விரல் மட்டும் இறங்காது. அப்பா மூங்கில் கழியால் கீழே குடைவார், அரைச் சுற்று மேலே தூக்குவார், மறுபடி இறக்குவார். தண்ணீரின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, தவளைச் சத்தம் கேட்கத் தொடங்கும்போது நிறுத்துவார்.

நான் 1998இலிருந்து மூடுகிற வேலையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். மதகில் இல்லை, புற்றுநோய்ச் செல்லில்.

என் துறையின் பெயர் செல் சமிக்ஞை. ஒரு செல்லுக்கு ‘வளர்’ என்றோ ‘பிரி’ என்றோ வெளியிலிருந்து செய்தி வருகிறது. செய்தியைக் கொண்டுவரும் புரதம் வாசலில், அதாவது செல் சவ்வில் நிற்கும் ஏற்பியைத் தொடும். அதற்குப் பிறகு உள்ளே கைமாறுவது பெரும்பாலும் பாஸ்பேட். ஒரு புரதம் இன்னொன்றின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டப்பட்டது விழித்துக்கொண்டு அடுத்ததன் மேல் ஒட்டும். இப்படியே உட்கரு வரை போகும். ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டியதைக் கழற்றுகிற நொதி பாஸ்பட்டேஸ்.

ஊரில் யாராவது கேட்டால் தலைமடை, கடைமடை என்று சொல்லி விளக்கிவிடுவேன். உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஓரிடத்தில் உவமை தலைகீழாகிறது. ஆற்றில் தலைமடையில் ஆள் முழுகத் தண்ணீர் போனால் கடைமடைக்குக் கணுக்கால் அளவுதான் வந்து சேரும், சில வருடம் அதுவும் வராது. செல்லில் வாசலைத் தட்டுகிற விரல்கள் கொஞ்சம். ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி பல புரதங்களை எழுப்பிவிடுவதால், உள்ளே போகப் போகச் செய்தி பெருகிக்கொண்டே போகும். அங்கே கடைமடையில்தான் வெள்ளம். படிக்குப் படி மூடுவதற்கு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒருமுறை கேட்ட ‘பிரி’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு செல் பிரிந்துகொண்டே இருக்கும். புற்றுநோயில் நடப்பதில் பெரும்பகுதி இதுதான்.

நீடாமங்கலத்தில் அரசுப் பள்ளி, தஞ்சாவூரில் பட்டப்படிப்பு, உயிர்வேதியியலில் முதுகலை, பிறகு பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு. இந்த வரியை நீட்ட எனக்கு விருப்பமில்லை. இங்கிலீஷ் தெரியாமல் விடுதி அறையில் அழுத கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது, என்னுடையதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது, ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலையைப் பற்றி. பாஸ்பட்டேஸ்களை முடக்கும் மருந்து காய்ச்சுவது. செல்லை உடைத்துப் புரதங்களைப் பிரித்தெடுக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் பாஸ்பட்டேஸ்கள் கையில் கிடைத்த பாஸ்பேட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிடும். கைனேஸ் என்ன எழுதியது என்று நாம் பார்க்கப் போவதற்குள் சிலேட்டைத் துடைத்துவிடும். அதனால் உடைக்கும் கரைசலிலேயே சோடியம் ஆர்த்தோவனடேட்டைச் சேர்த்துவிடுவோம். அதைத் தயாரிப்பது பாகு காய்ச்சுவது மாதிரி. பொடியைக் கரைத்து அமிலம் சொட்டிப் பி.எச். அளவைப் பத்துக்குக் கொண்டுவந்தால் கரைசல் மஞ்சளாகும். கொதிக்கவிட்டால் தெளிந்து தண்ணீர் போல ஆகும். ஆறவிட்டுப் பார்த்தால் பி.எச். நகர்ந்திருக்கும். சரிசெய்தால் மறுபடி மஞ்சள், மறுபடி கொதி. நிறம் திரும்பாமல் நின்றால் பதம். அதைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி உறையவைப்பேன். ஆய்வகத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் குப்பி என் கையால். ஆறு மாதம் அதைக் காய்ச்சிய பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. இத்தனை மெனக்கெட்டு வாயடைக்க வேண்டியிருக்கிறதென்றால், இந்த நொதிகள் செல்லுக்குள் என்னதான் செய்துகொண்டிருக்கின்றன?

அந்தக் காலத்தில் அது மரியாதையான கேள்வி இல்லை. துறையே கைனேஸ் பக்கம் சாய்ந்திருந்தது. சாய்வதற்கு நியாயமும் இருந்தது. 1911இல் பெய்ட்டன் ரவுஸ், கோழிக் கட்டியை அரைத்து, செல் எதுவும் போகாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்குள் செலுத்திப் புற்றுநோயை வரவழைத்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஒரு வைரஸ்; அது சுமந்துவந்த ஸார்க் என்ற மரபணு உண்மையில் கோழியின் சொந்த மரபணுவிலிருந்து எடுத்துக்கொண்டது என்று 1976இல் பிஷப், வார்மஸ் குழு காட்டியது. ஸார்க் ஒரு கைனேஸ். அது பாஸ்பேட்டை ஒட்டும் இடம் டைரோசின் என்ற அமினோ அமிலம். டைரோசினில் பாஸ்பேட் ஒட்டும் என்பதையே 1979இல்தான் டோனி ஹன்ட்டர் கண்டார். அதுவும் எப்படி? பாஸ்பேட் ஒட்டிய அமினோ அமிலங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் கரைசலைப் புதிதாகப் போடச் சோம்பல்பட்டுப் பழையதையே ஓட்டினார். பழசானதில் அதன் பி.எச். 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. அந்தச் சிறு வித்தியாசத்தில், அதுவரை இன்னொரு புள்ளியோடு ஒட்டிக்கிடந்த புள்ளி தனியாகப் பிரிந்து நின்றது. என் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதில்லை. சொன்னால் கரைசலே போடமாட்டார்கள்.

பிறகு 2001இல் கைனேஸை அடைக்கும் மாத்திரை சந்தைக்கு வந்தது, 2002இல் மனிதனிடம் 518 கைனேஸ்கள் இருப்பதாகப் பட்டியல் போட்டார்கள், மாநாடுகளில் அந்த வரைபடம் அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பாஸ்பட்டேஸ்களுக்கு வைத்திருந்த பெயர் ‘வீட்டுவேலை நொதிகள்’. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், எதைக் கண்டாலும் கழற்றும், தனக்கென்று ஒரு குணம் கிடையாது என்று பொருள். இதைச் சொன்னவர்களில் யாரும் வீட்டுவேலை செய்து பார்த்தவர்கள் இல்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

என்னைத் திருப்பியது பி-டென். மூளை, மார்பகம், புராஸ்டேட் என்று பல கட்டிகளில் பத்தாவது குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று தேடிய குழுக்கள் 1997இல் ஒரு மரபணுவைப் பிடித்தன. அதன் எழுத்தமைப்பைப் பார்த்தால் பாஸ்பட்டேஸ். எந்தப் புரதத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுகிறது என்று எல்லோரும் தேடினார்கள். மறுவருடம் ஜாக் டிக்ஸனின் ஆய்வகம் விடை சொன்னது. அது முக்கியமாகக் கழற்றுவது புரதத்திலிருந்தே இல்லை, செல் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பிலிருந்து. கைனேஸ் ஒன்று அந்தக் கொழுப்பில் பாஸ்பேட் வைத்து ‘சாகாதே, வளர்’ என்ற வாய்க்காலைத் திறக்கும், பி-டென் அதைக் கழற்றி மூடும். கட்டிகளில் தொலைந்துபோயிருந்தது மதகு மூடும் ஆள். அந்தக் கட்டுரையை ஆய்வகக் கூட்டத்தில் நான்தான் விளக்கினேன். விளக்கி முடித்த கையோடு வழிகாட்டியிடம் போய், எனக்குக் கைனேஸ் வேண்டாம் என்றேன். “வேலை கிடைப்பது சிரமம்” என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, கொஞ்ச காலத்துக்கு.

சிரமம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. கைனேஸ்காரர்களுக்கு வெற்றி என்றால் எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கறுப்புக் கோடு. புரதங்களைப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியில் இரவு முழுக்கக் குளிரறையில் ஆட்டிவிட்டு, காலையில் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறைக்குள் போய் ஃபிலிமைக் கரைசலில் முக்க வேண்டும். வெள்ளைத் தாளில் புகை படிவது போலக் கோடு எழுந்து வரும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். என் விஷயத்தில், பரிசோதனை வென்றால் கோடு மறையும். என் வெற்றி ஒரு வெற்றிடம். கோடு வராததற்கு வேறு காரணங்கள் ஆயிரம்: ஆன்டிபாடி கெட்டிருக்கலாம், புரதமே தாளுக்கு மாறாமல் போயிருக்கலாம், ஃபிலிமைத் தலைகீழாக வைத்திருக்கலாம். தாளின் காலி இடத்தை அடைக்கப் பால் பவுடர் கரைசல் ஊற்றுவது பொது வழக்கம். பாஸ்பேட் ஆன்டிபாடிக்கு அது ஆகாது, பாலிலுள்ள கேசீனிலேயே பாஸ்பேட் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் இரண்டு டப்பா பால் பவுடரும் செலவாயின.

முதல் கட்டுரை ஒரு சஞ்சிகையிலிருந்து திரும்பி வந்தது. மதிப்பீட்டாளரின் ஆட்சேபம் சுருக்கமாக: காலியிடத்தைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஃபிலிமையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். அப்பா அதைத் திண்ணையில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இதில் ஒன்றும் இல்லையே, பாப்பா?”

“அதுதான் அப்பா கண்டுபிடிப்பு.”

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூடியாயிற்றா இல்லையா என்று மதகைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரை மைல் கீழே போய் வாய்க்கால் தரையைப் பார்க்க வேண்டும்” என்றார்.

அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால்தான் என் ஆராய்ச்சி திசை திரும்பியது என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். மதிப்பீட்டாளரும் அதையேதான் கேட்டிருந்தார், மூன்று பக்கத்துக்கு. கீழே மூன்று படி தள்ளி இருக்கும் புரதங்களையும் அளந்தேன். நொதியின் நடுவில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிச் செயலிழக்க வைத்த பாஸ்பட்டேஸைப் போட்டால் கோடு மறையாமல் நிற்கிறது என்றும் காட்டினேன். கட்டுரை வெளியானது.

பிறகு ஐந்து வருடம் அமெரிக்கா. அங்கே கற்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பாஸ்பட்டேஸ் எந்தப் புரதத்தை மூடுகிறது என்று கண்டுபிடிப்பது எளிதில்லை, தொட்ட மாத்திரத்தில் கழற்றிவிட்டு அது போய்விடும். நிக் டாங்ஸ் என்பவரின் குழு 1997இல் இதற்கு ஒரு வழி செய்தது. நொதியில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால் அது தன் இரையைக் கவ்வும், ஆனால் கழற்றத் தெரியாமல் கவ்வியபடியே நிற்கும். இரண்டையும் சேர்த்து வெளியே இழுத்துவிடலாம். தூண்டில் போட்ட மாதிரி. இப்படி இழுத்துப் பார்க்கப் பார்க்க, குணமில்லாதவை என்று சொல்லப்பட்ட நொதிகள் ஒவ்வொன்றும் தனித்தனி இரை வைத்திருப்பது தெரிந்தது.

ஊர் திரும்பி என் பெயரில் ஓர் ஆய்வகம் கிடைத்த பிறகு, ‘மூடும் ஆள்’ என்று இத்தனை நாள் நான் சொல்லிவந்த கதையையே கலைத்துவிட்டது ஷிப்-2 (SHP2). அதுவும் பாஸ்பட்டேஸ்தான், கழற்றுவதுதான் அதன் தொழில். ஆனால் அது கழற்றினால் வளர்ச்சிச் செய்தி நிற்பதற்குப் பதிலாகப் பாய்கிறது. அது அடங்காமல் ஓடுகிற பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நூனன் நோய் வருகிறது என்று 2001இல் கண்டார்கள். குழந்தைகளுக்கு வரும் ஓர் அரிய ரத்தப் புற்றுநோயிலும் அதே மரபணுவில் பிழை இருப்பது 2003இல் தெரிந்தது. பாஸ்பட்டேஸ்களுக்கு மருந்தே செய்ய முடியாது என்று கைவிட்டிருந்த மருந்து நிறுவனங்கள், 2016இல் ஷிப்-2ஐப் பூட்டும் ஒரு மூலக்கூறு வெளியானதும் ஓடிவந்தன. எனக்கும் அப்போதுதான் கூட்டங்களில் முன்வரிசை கிடைத்தது. பழைய ஸார்க்கைத் திரும்பிப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. ஸார்க்கின் வாலில் ஒரு டைரோசின் இருக்கிறது. அதில் பாஸ்பேட் இருந்தால் வால் மடிந்து நொதி பூட்டிக்கொள்ளும், கழற்றினால் திறந்துகொள்ளும். ரவுஸின் கோழி வைரஸ் எடுத்துப்போன பிரதியில் அந்த வாலே கிடையாது.

இதை அப்பாவிடம் குழப்பத்தோடு சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. வெண்ணாற்றுப் பலகையை இறக்கினால்தான் கோரையாற்றில் தண்ணீர் ஏறும், இதென்ன பெரிய விஷயம் என்றார். மூணாறு தலைப்பில் நாற்பது வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத்தான் ஒரு மதகுக்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

2014இல் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஒன்பதாவது, இருபத்திரண்டாவது குரோமோசோம்கள் முறிந்து துண்டு மாற்றிக்கொண்டு ஒட்டுவதால் வரும் நோய். 1960இல் நுண்ணோக்கியில் குட்டையான குரோமோசோமாகத்தான் தெரிந்தது. அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பிறக்கும் கலப்புக் கைனேஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். 2001இல் வந்த மாத்திரை, இமாட்டினிப், அதற்குத்தான். கைனேஸ் தன் எரிபொருளை வைத்துக்கொள்ளும் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தைக்கு முந்தின வருடம், 2013 ஏப்ரல் 1 அன்று, அந்த மாத்திரையைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸின் காப்புரிமை மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அந்த நிறுவனத்தின் மாத்திரை அப்போது மாதம் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். நம் நாட்டு நிறுவனங்களின் மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் குடும்பத்தில் இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் தேவையில்லை.

அத்தை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “எப்போது நிறுத்தலாம்?” உடம்பு நன்றாகிவிட்டதே என்பது அவர் கணக்கு. மாத்திரை கைனேஸின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் மறுபடி திறந்துகொள்ளும் என்றேன். பிரான்சில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயின் தடயமே இரண்டு வருடம் அகப்படாத நோயாளிகளுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். பத்தில் நாலு பேருக்குத்தான் ஒரு வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தது. அதை அத்தையிடம் சொல்லியிருக்கக் கூடாது. நாலில் ஒருத்தி தான்தான் என்று முடிவுகட்டிவிட்டார். பக்கத்து வீட்டில் யாரோ மஞ்சளையும் சிபாரிசு செய்திருந்தார்கள். தட்டில் வளரும் செல்லை மஞ்சளின் குர்க்குமின் கொல்லும், நானே கொன்றிருக்கிறேன். தட்டில் செல்லைக் கொல்வது சுலபம், உப்பும் கொல்லும். மனிதர்களிடம் செய்த சோதனைகளில் அது தேறவில்லை என்று 2017இல் வெளியான நீண்ட மதிப்பாய்வு எடுத்துக்காட்டியிருக்கிறது. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், மாத்திரையை மருத்துவர் சொன்னால் ஒழிய நிறுத்தாதீர்கள் என்று அத்தைக்கு வாரம் ஒருமுறை போன் செய்து சொல்லிவருகிறேன். பதினோரு வருடமாகிறது. இப்போதெல்லாம் நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே, “சாப்பிட்டுவிட்டேன், வை” என்று போனை வைத்துவிடுகிறார்.

அப்பா ஓய்வுபெற்று வெகுகாலமாகிறது. பதிவேடு அலுவலகத்துக்குப் போய்விட்டது, ஆனால் அவருக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். போன தடவை அதைப் புரட்டினேன். திறந்த நாள் எதிலும் தேதிக்கு மேல் ஒன்றும் இல்லை. மூடிய நாளில் எல்லாம் இருக்கிறது. ‘பிப்ரவரி 2. மாலை 6.40. நாலு கண்ணும் இறக்கியாயிற்று. மூன்றாவதில் கசிவு, இரண்டு விரல்.’ அடுத்த வருடம் ஒன்றரை விரல். அதற்கடுத்த வருடம் மறுபடி இரண்டு. ஒரு வருடம்கூடக் கசிவு இல்லை என்று எழுதவில்லை.

இந்த வருடம் பிப்ரவரி முதல் வாரத்தில் நான் ஊரில் இருந்தேன். புது லஸ்கர் சின்னப் பையன். மூடிவிட்டு, கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, “முடிந்தது ஐயா” என்றான். அப்பாவுக்கு எழுபத்தேழு வயது, காது ஒரு பக்கம் மந்தம். நல்ல காதை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். நான் டார்ச்சைக் கீழே காட்டினேன்.

“மூன்றாவதைக் கேள், தம்பி” என்றார்.

பையன் குனிந்து கேட்டான். பிறகு தோளிலிருந்த கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு மூங்கில் கழியைத் தேடப் போனான்.